துண்டு போட்டு மூடிய பூஜ்யம்

மாலை நாலு இருபது. அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று மதியத்திலிருந்து நான் ஆட்டத்தைவிட ஸ்கோர் போர்டுக்கு மேலே இருக்கும் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பந்து வீசும்போது அவள் முழங்கையைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை. கடிகாரத்துக்கு முழங்கை கிடையாது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தாமல் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் பேஸ்பால் மைதானம். ஏழாவது இன்னிங்ஸ். பந்து வீசும் மேட்டின் மேல் என் மகள் மதி நிற்கிறாள். எதிரே கோவை அணியின் பெண் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், ஏற்கெனவே ஒரு பந்தைத் தவறவிட்டு ஒரு ஸ்ட்ரைக் வாங்கிவிட்டாள், மூன்று வாங்கினால் அவுட். மதி அடுத்த பந்துக்குக் காலைத் தூக்கப் போகிற நேரத்தில், இடது பக்கக் கதவுக்குப் பின்னாலிருந்து பறைச் சத்தம் கேட்டது.

முதலில் யாரோ ரசிகர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு மஞ்சள் புடவைகள் தெரிந்தன. அதற்குப் பின்னால் வேப்பிலை. அதற்கும் பின்னால், தோள்களில் ஆடி ஆடி, பொன்னியம்மன்.

அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். மதி தொப்பியைக் கழற்றினாள்.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆட்டுக்குட்டிகள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் தொழிலைப் பற்றி எழுதியிருந்தேன். பட்டுப் புடவைக்கு பார்டர், முந்தானை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஊரில் எனக்கு ‘டிசைன் சார்’ என்று பெயர். சில வருஷங்களுக்கு முன் நாலைந்து பட்டுக்கடை முதலாளிகள் சேர்ந்து, புதிதாக ஆரம்பித்த பெண்கள் பேஸ்பால் லீக்கில் காஞ்சிபுரத்துக்கு என்று ஒரு அணியை வாங்கினார்கள். சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் அணி. பெயர் காஞ்சி யாளிகள்.

சட்டைக்கு யாளி வரைந்து கொடுத்தது நான்தான். கோயில் தூணில் இருக்கிற யாளியைப் பார்த்துத்தான் வரைந்தேன். ஆனால் கட்டங்கள் குறைவு. தும்பிக்கை சரியாக வரவில்லை.

“டிசைன் சார், சட்டையில ஆட்டுக்குட்டி நல்லா வந்துக்குதுபா” என்று ஒரு முதலாளி முதுகில் தட்டிவிட்டுப் போனார். முதல் சீசன் முழுக்க எல்லா ஊரிலும் எங்களுக்கு அந்தப் பெயர்தான்.

என் மகள் மதி அந்த அணியில் பிட்ச்சராகச் சேர்வாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கல்லூரியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவள். அணித் தேர்வுக்குத் தோழிக்குத் துணையாகப் போனாள். தோழி திரும்பி வந்துவிட்டாள், இவள் வரவில்லை.

ஏரி அடி

அணியின் வரலாறு சின்னது. ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லச் சொல்லச் சலிக்காது.

முதல் சீசனில் தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒரு ஆட்டம்கூடத் தேறவில்லை. இரண்டாவது சீசனில் முதல் வெற்றி வந்த அன்று, யாருடைய கல்யாணம் என்று கேட்கும் அளவுக்கு வேட்டு. வென்ற பெண்களுக்குச் சுக்கும் மிளகும் மணக்கிற கோயில் இட்லியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். தோற்ற அணிக்கும் பாதிக் கூடை போனது. அவர்கள் சாப்பிட்டுவிட்டு, “அடுத்த தடவையும் நாங்களே தோக்கிறோம்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள்.

அணியின் முதல் ஹோம் ரன்னை அடித்தவள் முசரவாக்கத்து ரோஸ்மேரி. ஏரி நிரம்பியிருந்த சமயம். பந்து வலது பக்கச் சுவரைத் தாண்டி, கரையைத் தாண்டி, தண்ணீரில் போய் விழுந்தது. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்கிறவர்கள் இந்தக் காஞ்சிபுரத்தில் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். அன்று மைதானத்துக்கு வந்ததே நூறு பேர்தான்.

மறுநாள் காலையில் மீன் பிடிக்கிறவர் ஒருவர் வலையோடு மைதானத்துக்கு வந்தார். “இது உங்களுதா? கெண்டைங்களோட மாட்டிக்கினு வந்துச்சு” என்றார். அந்தப் பந்து இப்போதும் அணி அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கிறது. மீன் வாசனை போகவில்லை. அன்றிலிருந்து எந்த ஹோம் ரன்னுக்கும் எங்கள் ஊரில் ஏரி அடி என்றுதான் பெயர்.

அப்புறம் கௌசல்யா. எங்கள் கேட்ச்சர். பிட்ச்சர் வீசும் பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடிக்கிறவள். ஆனால் அவள் பெயர் வாங்கியது ஓட்டத்தில். மைதானத்தில் மூலைக்கு ஒன்றாக இருக்கும் பேஸ்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடமான ‘வீட்டுக்கு’ வந்து சேர்ந்தால்தான் ரன். எதிரணி கண் இமைக்கும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதற்குத் திருட்டு என்று பெயர். ஒரே ஆட்டத்தில் அதிகத் திருட்டு என்ற லீக் சாதனை இன்றுவரை அவளுடையது.

“இன்னா சார், உங்க டீம்ல திருடினா கைதட்டுறாங்களாமே?” என்று எங்கள் தெருவில் இருக்கும் ஏட்டையா கேட்டார்.

“வீட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தாதான் சார் கைதட்டு” என்றேன்.

நீட்டு

இந்தச் சாதனைகளுக்கு நடுவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு.

போன சீசனில் ஒரு ஆட்டத்தில், பந்தை வீசிய கையோடு மதி அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கையின் உள்பக்கத்துத் தசைநாரில் கிழிசல். அறுவை தேவைப்படவில்லை. ஆனால் பல மாதங்கள் கை முழுதாக நீளவில்லை. ஏதோ சொல்லத் தயங்குகிறவர் வாய் மாதிரி, பாதியில் நின்றுவிடும்.

என் மனைவி ரேவதி பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் காலையில், தட்டை வைப்பதற்கு முன்னால், “கையை நீட்டு” என்பாள். மதி நீட்டுவாள். ரேவதி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரலால் தடவிப் பார்ப்பாள். பிறகுதான் இட்லி. பாக்கி இருந்த அந்தக் கொஞ்சம் வளைவு தேய்ந்து தேய்ந்து, இந்தக் கோடையில்தான் கை நேரானது.

கை போன அந்த ஆட்டம்தான் ரேவதி முதன்முதலாக மைதானத்துக்கு வந்த ஆட்டம். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. “என் ராசிங்க அது. நான் வரல” என்றுவிட்டாள். இயற்கணிதம் நடத்துகிறவளுக்கு எப்படி இந்த நம்பிக்கை என்று கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வீசிக்கொண்டே இருந்தால் பயமில்லை. வீசி, நிறுத்தி, கை ஆறிப்போய், மறுபடி முழு வேகத்தில் வீசினால்தான் ஆபத்து. மறுபடி கிழிந்தால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் பயிற்சியாளர் சாவித்திரிக்கும் மதிக்கும் ஓர் ஒப்பந்தம். சாவித்திரி அந்தக் காலத்தில் ஈட்டி எறிந்தவர், தோளும் முழங்கையும் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலித்தால் மதி வாய் திறந்து சொல்ல வேண்டாம், தொப்பியைக் கழற்றினால் போதும். அடுத்த நிமிஷம் வேறு பிட்ச்சர் மேட்டில் இருப்பார்.

மதி தொப்பியைக் கழற்றியதும் எனக்கு ஏன் மூச்சு நின்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

பிறகுதான் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தேன். ரோஸ்மேரியும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள். கௌசல்யா முகமூடியைக் கழற்றினாள். கோவைப் பெண்கள் எல்லாரும் கழற்றினார்கள். அம்பயரும் கழற்றினார். அம்மன் வருகிறாள், யார்தான் கழற்ற மாட்டார்கள்?

சொல்லக் கூடாதது

அன்று இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதான் விஷயமே.

பேஸ்பாலில் ஒரு பிட்ச்சர், எதிரணியில் யாருக்கும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸுக்குப் போய்ச் சேர ஒருத்தியையும் விடாமல், ஒன்பது இன்னிங்ஸையும் முடிப்பது பெரிய சாதனை. எங்கள் லீக்கிலேயே அதுவரை யாரும் செய்ததில்லை. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பிட்ச்சரிடம் யாரும் பேச மாட்டார்கள். பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அந்தச் சாதனையின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். இது கடல் தாண்டி ஆட்டத்தோடு கூடவே வந்த வழக்கம்.

எங்கள் ஊருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. “கண்ணு பட்டுடும்பா, அவ்வளவுதானே?” என்று முதல் நாளே புரிந்துகொண்டார்கள். ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்தே கூட்டத்தில் எல்லாரும் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் தக்காளி விலையைப் பற்றியே ஒரு இன்னிங்ஸ் முழுக்கப் பேசினார்.

ஸ்கோர் போர்டு பாஷா பாய் பொறுப்பு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தகட்டில் எழுதிய எண்களைக் கொக்கியில் மாட்டுவார், மைக்கும் அவரிடம்தான். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன். கோவையின் ஹிட் கட்டத்தில் தொங்கிய பூஜ்யத்தைக் காணோம். அதன் மேல் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

ஏணியடிக்குப் போய், “இன்னா பாய் இது?” என்றேன்.

“கண்டக்டருக்குத் தெரியாததா சார்? துண்டு போட்டு இடம் புடிச்சிருக்கேன். இனிமே யாரும் உக்கார முடியாது” என்றார். பிறகு, ஏதோ அதிகமாகச் சொல்லிவிட்டவர் போல நாக்கைக் கடித்துக்கொண்டு, “தக்காளி இன்னா வெல?” என்றார்.

அம்மன் வழி

மைதானம் கட்டுவதற்கு முன்னால் அந்த இடம் ஊரிலிருந்து ஏரிக்குப் போகும் வழி. ஆடித் திருவிழாவில் அம்மன் அந்த வழியாகப் போய்த்தான் ஏரியில் கரகத்துக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும். அதனால் இடது பக்கத்தில் இரண்டு கதவு வைத்துக் கட்டினார்கள். ஊர்ப் பக்கம் ஒன்று, கரைப் பக்கம் ஒன்று. அம்மன் வந்தால் திறக்க வேண்டும். நடுவில், புல்லுக்குள், பழைய கல் ஒன்று இருக்கிறது. அங்கே நின்று, தீபம் காட்டிவிட்டுத்தான் போவாள்.

வழக்கமாகக் காலையில் வருகிறவள். அன்று காலையில் தூறல், பந்தல் நனைந்து, எல்லாம் தள்ளிப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் கிளம்பியாக வேண்டும் என்று ஊரே ஓட்டமும் நடையுமாக நாலு இருபதுக்கு உள்ளே வந்துவிட்டது. வந்த அவசரத்தில், ஈரத்தில் தளர்ந்துபோன பறைகளை யாரும் கவனிக்கவில்லை. கல்லுக்கு முன்னால் வந்து அடித்தால் தொப் தொப் என்கிறது. தோலைக் காய்ச்சாமல் தீபாராதனை இல்லை என்றுவிட்டார்கள்.

அம்பயர் சேலத்துக்காரர். பணிவாகத்தான் கேட்டார். “எவ்வளவு நேரம் ஆகும்?”

பாஷா பாய் மைக்கிலேயே பதில் சொன்னார். “அம்மா கெளம்புறப்போ கெளம்புவாங்க சார்.”

எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது. மேகம் வேறு. வெளிச்சம் போனால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்ததால் வெற்றி எங்களுக்குத்தான். ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் முடியாமல் ‘அது’ கணக்கில் வராது. வெளிச்சம் இருந்தால்? மதி ஆறிப்போன கையோடு மறுபடி மேட்டில் ஏற வேண்டும்.

ஓடினேன். சாவித்திரியைக் கம்பி வேலியோரம் பிடித்தேன். “மேடம், போதும். வேற பொண்ணைப் போடுங்க. டாக்டர் சொன்னது உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் சார்.”

“அப்போ?”

“நீங்க அவகிட்ட பேசாதீங்க. நானும் பேச மாட்டேன். தொப்பி பேசட்டும்.”

“தொப்பியை அவ கழட்ட மாட்டா மேடம். எனக்கு அவளைத் தெரியும்.”

“ஒரு வீச்சுல கை தப்பா வந்தாலும் தொப்பிக்காகக் காத்திருக்க மாட்டேன். நானே போய் பந்தைப் புடுங்கிடுறேன். போதுமா?”

போதாது. ஆனால் தலையாட்டிவிட்டேன்.

அப்போதுதான் பால்குடம் எடுத்து வந்த பெண்களின் வரிசையில், மஞ்சள் புடவையில், வெறுங்காலோடு ரேவதியைப் பார்த்தேன்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, “பள்ளிக்கூடத்துல வேலை இருக்கு” என்று சொன்னவள். மகளின் கைக்காக வேண்டுதல் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவள் நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

மேட்டின் பக்கம் ஒருமுறைகூட முகத்தைத் திருப்பாமல், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அம்மனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

வைக்கோல் நெருப்பு

பறைக்காரர்கள் வைக்கோலைக் குவித்துப் பற்ற வைத்தார்கள். ஏழுமலை என்கிறவர் அவர்களுக்குத் தலைவர். பறையை நெருப்புக்கு முன்னால் சாய்த்துப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்டினார். நான் வேலியை ஒட்டி, பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.

மதி வந்தாள்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் அவளிடம் பேசவில்லை. மேட்டிலிருந்து இறங்கி, தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, நேராக நெருப்பிடம் வந்து, பறைகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, வலது முழங்கையை நெருப்புக்கு நேராக நீட்டினாள்.

ஏழுமலை அவளைப் பார்த்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

“கையாம்மா?”

“ஆமாண்ணா. ஆறிடக் கூடாது.”

“எங்களுக்கும் அதான் கத. ஆறவுட்டா தொங்கிடும். கிட்ட போவாத, பொசுக்கிடும். இப்படிக் காட்டு.” கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்தார். “அது இன்னாம்மா, அங்க ஒரு துண்டு தொங்குது?”

நாலடி தள்ளி நின்ற கௌசல்யா கண்ணை மூடிக்கொண்டாள். பாவம், அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவர் மேலே இன்னொரு வார்த்தை கேட்டால் போச்சு.

மதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “காயப் போட்டிருக்காங்கண்ணா” என்றாள்.

“இந்த மேகத்துலயா?”

“பாஷா பாய் துண்டு. அவரு இஷ்டம்.”

ஏழுமலை வாய்விட்டுச் சிரித்தார். நெருப்பைச் சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். கௌசல்யாவும்.

பிறகு அவர் பறையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார். டண். தலையசைத்துவிட்டு மறுபடி காய்ச்சினார். மதி எழுந்து, கௌசல்யாவைப் பார்த்து மெதுவாக ஒரு பந்து வீசினாள். கையுறையில் தப் என்று விழுந்தது. மறுபடி நெருப்பு. மறுபடி பறை. டண், இன்னும் கொஞ்சம் இறுக்கமாக. மறுபடி பந்து. டப், இன்னும் கொஞ்சம் வேகமாக.

கூட்டம் கவனிக்க ஆரம்பித்தது. தக்காளிப் பேச்சு நின்றது. பறை ஒன்று, பந்து ஒன்று. பறை ஒன்று, பந்து ஒன்று. கடைசியில் ஏழுமலையின் பறை கணீர் என்று தெறித்தபோது, மதியின் பந்து கௌசல்யாவின் கையுறையில் வெடித்தது. கௌசல்யா கையை உதறிக்கொண்டு, “அம்மாடி!” என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

பறைகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. தீபம் காட்டினார்கள். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் எங்கள் எல்லார் மேலும் தெளித்தார்கள். அம்மன் கரைப் பக்கக் கதவு வழியாக ஏரிக்குப் போனாள். ரேவதி திரும்பிப் பார்க்காமல் பின்னால் போனாள்.

தொப்பி

ஆட்டம் மறுபடி ஆரம்பமாகும்போது கடிகாரத்தில் ஐந்து தாண்டிவிட்டது. கூட்டத்தில் ஒரு புதுக் கவலை.

“நல்ல ராகு காலத்துல ஆரம்பிக்கிறாங்களேபா!”

“யாரு ஆரம்பிக்கிறது? அந்தக் கோவைப் பொண்ணு ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரைக் வாங்கிக்கினு நிக்குது. இது தொடர்ச்சி.”

“தொடர்ச்சின்னா பரவால்லையா?”

“தொடர்ச்சிக்கு ராகு காலம் கெடையாது. எங்க வேணா கேட்டுக்க.”

அதோடு அந்த வழக்கு தீர்ந்தது.

மதி வீசினாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முதல்முறையாக அவள் முழங்கையைப் பார்த்தேன். கை பின்னால் போய், மேலே எழுந்து, சாட்டை மாதிரி நீண்டு விட்டது. ஸ்ட்ரைக். அடுத்ததும் ஸ்ட்ரைக். அந்தக் கோவைப் பெண் அவுட்.

ஏழாவது முடிந்தது. எட்டாவதில் நாலு பந்து மயிரிழையில் விலகிப் போக, ஒருத்தியைப் பந்தை அடிக்காமலே பேஸுக்கு நடக்கவிட்டாள். அது ஹிட் ஆகாது என்று பின்னால் ஒருவர் பெருமூச்சோடு சொல்ல ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பொத்தினார். அடுத்தவள் அடித்த பந்தில் இருவரையும் ஒன்றாக அவுட்டாக்கினார்கள். வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. அம்பயர் வானத்தைப் பார்த்தார். கோவைக் கேப்டனைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பற்றி இதைச் சொல்லியே ஆக வேண்டும். இருட்டிவிட்டது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும், அவள் அணிக்கு அந்த அவமானமும் இருந்திருக்காது. “பந்து தெரியுதுங்க சார்” என்றாள்.

ஒன்பதாவது. முதலாமவள் அவுட். இரண்டாமவள் அவுட். மூன்றாவதாக, அதே கேப்டன்.

ஒரு பந்து போனது. அவள் தொடவில்லை.

மதி மேட்டில் திரும்பி நின்றாள். தோளைக் குலுக்கினாள். பிறகு, தொப்பியைக் கழற்றினாள்.

சாவித்திரி எழுந்துவிட்டார். ஒரு கால் கோட்டைத் தாண்டிவிட்டது. நான் வேலிக் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கை கிழிந்தது, அது பிறகுதான் தெரிந்தது.

மதி தொப்பிக்குள் விரலை விட்டாள். எதையோ எடுத்தாள். பார்த்தாள். ஒரு வேப்பிலைக் கொத்து, தெளித்தபோது விழுந்தது. அரித்திருக்கிறது. அதைக் கீழே போடாமல் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, தொப்பியை மாட்டினாள்.

சாவித்திரி தன் காலை மெதுவாகக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை இந்த வார இதழில் எழுத முடியாது.

அடுத்த பந்து. கேப்டன் அடித்தாள். நல்ல அடி. எழும்பி, இடது பக்கமாக, கல்லைத் தாண்டி, கதவை நோக்கி.

ரோஸ்மேரி ஓடினாள். ஊரே மிதித்துவிட்டுப் போன தரை அது. பால் கொட்டிய ஈரம், வேப்பிலை, நடுவில் வைக்கோல் எரிந்த கருப்பு வட்டம். அரை இருட்டில் பந்து எனக்குத் தெரியவில்லை. அவள் சாம்பலில் சறுக்கினாள். கருப்பாக ஒரு புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. கையில் கையுறை. கையுறையில் வெள்ளையாக ஒன்று.

அம்பயர் அவுட் என்று கட்டை விரலைத் தூக்கினார்.

அப்போதும் யாரும் கத்தவில்லை. கத்தலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஷா பாய் ஏணியில் ஏறி, துண்டை ஒரே இழுப்பில் உருவி, தலைக்கு மேல் சுழற்றினார். மைக்கில் அவர் கண்டக்டர் குரல்: “எறங்குற எடம் வந்துடுச்சு! எல்லாரும் எறங்குங்க! எறங்குங்க!”

நாங்கள் இறங்கினோம். வேலியைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, எல்லாரும். ரோஸ்மேரி முகம் முழுக்கக் கரியோடு பந்தை உயர்த்திக்கொண்டு வந்தாள். கௌசல்யா மதியைத் தூக்கிச் சுற்றினாள். கோவைக் கேப்டன் வந்து கை கொடுத்தாள். மதி இடது கையைக் கொடுத்தாள். அதை நான் கவனித்தேன். சாவித்திரியும் கவனித்தார்.

வலது கை உடம்போடு ஒட்டி, மடங்கி இருந்தது. வலியா, பழக்கமா? எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. சுற்றி எல்லாரும் அந்தச் சாதனையின் பெயரை, சாயங்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்ததை, திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைப் பக்கத்தில் பறை கேட்டது. ராகு காலம் முடிந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு, அம்மன் திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஏழுமலை முன்னால் ஆடிக்கொண்டு வந்தார். கூட்டம் தானாக வழி விட்டது.

அந்த வழியில் ரேவதி தனியாக வந்தாள். முழங்கால் வரை புடவை நனைந்திருந்தது, காலில் ஏரிச் சேறு. போர்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. நேராக மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கையை நீட்டு.”

கௌசல்யா விலகினாள். சத்தம் அடங்கியது. மதி வலது கையை நீட்டினாள். மெதுவாக நீண்டது. பாதியில் நிற்கவில்லை. முழுக்க நீண்டு, நேராக, அசையாமல் நின்றது.

ரேவதி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரலால் தடவிப் பார்த்தாள். வைக்கோல் சூட்டில் தோல் கொஞ்சம் சிவந்திருந்த இடத்தில் விரல் ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தது.

“சரி” என்றாள். “இப்ப சொல்லுடி. இன்னா பண்ணே?”